சேலத்தில் மாதம் ஒரு மலை: 30 பேர் குழுவுக்கு ஆண்டுத் திட்டம், கணக்கு, கயிறு – யோசனை சொல்லுங்க

#1 கரட்டுப்பாதை

வணக்கம். சேலத்தில் காலை நடைக்கு வரும் 30 பேர் சேர்ந்து மலையேற்றக் குழு தொடங்குகிறோம். வயது 22 முதல் 61 வரை. பெண்கள் 11 பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு. இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது:

ஜூலை – கஞ்சமலை
ஆகஸ்ட் முதல் ஞாயிறு – கொல்லிமலை, ஆகாய கங்கை
செப்டம்பர் – சங்ககிரிக் கோட்டை
அக்டோபர் – நைனாமலை
நவம்பர் – ஏற்காடு
ஜனவரி – ராமநகரம் (கர்நாடகம்), கயிறு கட்டிப் பாறை ஏறுவது
மார்ச் – ஜருகுமலை

வரிசை சரியா? பணம் தலைக்கு எவ்வளவு, எப்போது வாங்குவது? மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, போகும் இடத்தில் பார்த்துக்கொள்வதா? ஹார்டுவேர் கடையில் 14 எம்எம் நைலான் கயிறு நல்லதாகக் கிடைக்கிறது. 50 மீட்டர் போதுமா?

#2 முள்ளுச்செடி

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: அந்தக் கயிறை வாங்காதீங்க. ஏன் என்று கயிறுமுடிச்சு வந்து சொல்வார்.

#3 படிக்கணக்கு

மலையைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. நம்ம பக்கத்து மலை எல்லாம் கோயில் மலை. எந்த நாளில் எங்கே கூட்டம் என்று தெரியாமல் தேதி வைத்தால் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் (ஆகஸ்ட் 2 அல்லது 3). கொல்லிமலையில் அப்போது வல்வில் ஓரி விழா. சங்ககிரியிலும் அதே நாள் தீரன் சின்னமலை நினைவு நாள் கூட்டம். 1805இல் அவரைத் தூக்கிலிட்டது அங்கேதான். இரண்டையும் அந்த வாரம் தொடாதீர்கள். நைனாமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை ஆகாது. ஞாயிறு பரவாயில்லை, ஆனாலும் படியில் எதிரே இறங்குகிற கூட்டம் இருக்கும். அக்டோபர் 20க்கு மேல் வைத்தால் புரட்டாசி முடிந்திருக்கும். கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம். அதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரிசை. கொல்லிமலையை இரண்டாவது மாதத்தில் வைத்ததுதான் பெரிய தப்பு. மற்ற மலையில் முடியாதவர் பாதியில் உட்கார்ந்துவிடலாம், நாம் இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். ஆகாய கங்கையில் அது நடக்காது. அரப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படி கீழே இறங்கித்தான் அருவி. இறங்கும்போது எல்லாருக்கும் உற்சாகம். குளித்து, தொடை குளிர்ந்து, பசியோடு திரும்பும்போதுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். படிக்கு 18 செ.மீ. என்று வைத்தாலும் 1,000 படி 180 மீட்டர். 60 மாடிக் கட்டடம். முட்டி வலி உள்ளவரை அங்கே தூக்கிக்கொண்டு வரத்தான் வேண்டும். அதனால் குழுவில் யார் எப்படி நடப்பார் என்று தெரிந்த பிறகு, ஐந்தாவது ஆறாவது மாதத்தில் வையுங்கள். அருவியில் மழைத் தண்ணீர் வேகமாக வந்தால் குளிக்கவோ இறங்கவோ விடமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் மாதம் சங்ககிரி. பாதை தெளிவு, கோட்டை வாசல் பத்து வரிசையாக வரும். ஒவ்வொரு வாசலும் ஆள் எண்ணுவதற்கென்றே கட்டி வைத்த மாதிரி. ஆனால் வெறும் பாறை, மேலே போகப் போக நிழல் குறைவு. காலை 6:30க்கு ஏற ஆரம்பித்து 10 மணிக்குக் கீழே வந்துவிட வேண்டும். மேலே உள்ள சுனைத் தண்ணீரைக் குடிக்க நம்பாதீர்கள், ஆளுக்கு 2 லிட்டர் சுமந்தாக வேண்டும்.

#4 முள்ளுச்செடி

மார்ச் மாதம் ஜருகுமலையா? மார்ச்சில் எந்தக் காட்டுப் பாதையும் வேண்டாம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை மறந்துவிட்டீர்களா? புல் காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதனும் பயத்தில் மேல்நோக்கித்தான் ஓடுவான். வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வனத்துறையே மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். அந்த இரண்டு மாதம் கோட்டை, ஏரிக்கரை, முடிச்சுப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம். "எப்பவும் போற பாதைதானே" என்பது பதில் ஆகாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோயிலுக்குப் போகும் பாதையில் பக்தர் போகலாம் என்பதை வைத்து 30 பேர் பக்கத்துக் காட்டுக்குள் திரும்ப முடியாது. குரங்கணிக்குப் பிறகு அதே 2018இல் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்தில் மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள்: தேதி, பாதை, ஆள் பட்டியல், ஏறும் நேரம், இறங்கும் நேரம், பொறுப்பாளர் இருவரின் செல் எண். இறங்கியதும் "எல்லாரும் வந்துவிட்டோம்" என்று ஒரு போன் போடுங்கள். அடுத்த தடவை அனுமதி கேட்கும்போது அந்த போன்தான் பேசும்.

இதற்கெல்லாம் அலைய முடியாது என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இருக்கிறது. 14 மாவட்டத்தில் 40 பாதை. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு, வழிகாட்டி கூடவே வருவார். பாதைக்கு ஒரு நாளில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. 30 பேரையும் ஒரே நாளில் அடைக்கலாம் என்று எண்ணாமல் இரண்டாகப் பிரித்துப் பதியுங்கள்.

#5 மணிக்கணக்கு வாத்தியார்

நேரக் கணக்கைத் தொடாமல் தேதி மட்டும் பேசுகிறீர்கள். 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் ஒரு கணக்கு சொன்னார்: சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உதாரணமாக, போக 4 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் என்றால் 48 நிமிடமும் 60 நிமிடமும் சேர்ந்து 1 மணி 48 நிமிடம். அது குளிர் நாட்டில், பழகிய காலுக்கு, நிற்காமல் நடந்தால். நம் வெயிலுக்கும் புதுக் கூட்டத்துக்கும் ஒன்றரையால் பெருக்குங்கள்: 2 மணி 42 நிமிடம். இறங்க, பாதை நன்றாக இருந்தால் அதில் முக்கால் பங்கு. பாறையும் உருளைக்கல்லும் உள்ள பாதையில் இறக்கம் ஏற்றத்தைவிட வேகமாக இருக்கும் என்று நினைப்பதால்தான் பாதிக் குழுக்கள் இருட்டில் மாட்டுகின்றன.

இன்னொன்று: திரும்பும் நேரம். "உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்புவோம்" என்று வைக்காதீர்கள். "10:30க்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று வியாழக்கிழமைக் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள். மலை மேல் வைத்து முடிவெடுத்தால் அது வாக்கெடுப்பாகிவிடும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்புவோம் என்று யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள்.

கஞ்சமலைக்குப் போகிறவர்களுக்குப் பொடிக் குறிப்பு. அது இரும்புத் தாது மலை, காந்தக்கல் கலந்த பாறை. திசைகாட்டியைப் பாறை மேல் வைத்துப் பார்த்தால் முள் ஏமாற்றும். கையில் தூக்கிப் பிடித்து, பத்தடி தள்ளி நின்று இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் திசைகாட்டியை மூடிவிட்டுச் சூரியனை நம்புங்கள். செல்போனின் திசைகாட்டியும் காந்தத்தில் ஓடுவதுதான், அதுவும் தப்பாகக் காட்டும். ஜிபிஎஸ் இடப்புள்ளிக்கு மட்டும் பாதகமில்லை.

#6 கரட்டுப்பாதை

நன்றி ஐயா, நன்றி படிக்கணக்கு அண்ணே. ஜூலையில் சங்ககிரி, கொல்லிமலை டிசம்பர், மார்ச்சில் மலை இல்லை என்று மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம். எங்களில் ஆறேழு பேர் ஓட்டக்காரர்கள், மாரத்தான் ஓடுகிறவர்கள். அவர்களை எப்படிப் பிடித்து வைப்பது?

#7 படிக்கணக்கு

பிடித்து வைக்க முடியாது, வேலை கொடுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் எட்டுப் பேருக்கு ஒருவர். 30 பேருக்கு ஆறு பொறுப்பாளர் வரும். ஓட்டக்காரர்களில் பொறுமைசாலியைக் கடைசி ஆளாகப் போடுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது, சிறுநீர் கழிக்கப் போகிறவர் உட்பட. ஒதுங்குகிறவர் தன் பையைப் பாதை ஓரத்திலேயே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், கடைசி ஆள் அங்கேயே நிற்பார்.

எண்ணுவதற்குத் தலையை எண்ணாதீர்கள். ஆளுக்கு ஒரு எண், வருடம் முழுவதும் அதே எண். வளைவு, பிரிவு, ஓடை எல்லாவற்றிலும் ஒன்றிலிருந்து வரிசையாகச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். எண்ணுபவர் தன்னைச் சேர்க்க மறப்பது, படமெடுக்க நகர்ந்தவரை இரண்டு முறை எண்ணுவது எல்லாம் இதில் வராது.

முக்கியமானது ஓய்வு. வேகமாகப் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசியில் வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதாவது ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு ஓய்வே இல்லை. இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். கடைசி ஆள் பையை இறக்கிய பிறகுதான் ஐந்து நிமிடம் எண்ண ஆரம்பிக்க வேண்டும். குழு உடைவது பெரும்பாலும் சண்டையில் இல்லை, இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

#8 அஸ்தம்பட்டி அக்கா

11 பெண்கள் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், திட்டத்தில் கழிப்பறை என்ற சொல்லே இல்லை.

வண்டி கிளம்பி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுத்தமான ஒரு நிறுத்தம், ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஒரு நிறுத்தம். எந்தப் பங்க், எந்த ஓட்டல் என்று முன்கூட்டியே யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். இது இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வெயிலில் மயங்கி விழுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று கத்திப் பயனில்லை.

முதலுதவிப் பையில் நாப்கின் நான்கு, பழைய செய்தித்தாள், ஜிப் பை பத்து. பயன்படுத்தியது கீழே வரும், மலையில் புதைப்பது கிடையாது. பெண் பொறுப்பாளர் குறைந்தது இருவர். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் வராத மாதம் மற்றப் பெண்களும் வரமாட்டார்கள்.

படம். குழு வாட்ஸ்அப்பில் போடுவது வேறு, முகநூலில் போடுவது வேறு. வெளியே போடும் முன் படத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். மது இல்லை என்பதையும் எழுதுங்கள், திரும்பி வரும் வண்டிக்கும் சேர்த்து. "இறங்கினதுக்கப்புறம்தானே" என்பார்கள்.

#9 முள்ளுச்செடி

அக்கா சொன்னதோடு ப்ளூடூத் ஸ்பீக்கரையும் சேருங்கள். என் எதிர்ப்பு இசைக்கு இல்லை. கோட்டைச் சுவரிலும் பாறை முகத்திலும் மலைத்தேனீ அடை தொங்கும். சத்தம், புகை, கல் எறிவது மூன்றும் அவற்றைக் கிளப்பும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். கிளம்பிவிட்டால் படுக்கக் கூடாது, கையை வீசக் கூடாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே ஓட வேண்டும், ஆனால் செங்குத்துப் பாறையில் ஓடி விழக் கூடாது. கொடுக்கை நகத்தாலோ ஏடிஎம் கார்டாலோ உடனே சுரண்டி எடுங்கள். எதால் எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ எத்தனை கொட்டு என்று எண்ணிக்கொண்டிருக்காமல் 108.

பாம்புக்கும் அதேதான். இறுக்கிக் கட்டுப் போடாதே, கீறாதே, நடக்க விடாதே. கடித்த காலை அசையாமல் கட்டையோடு சேர்த்து வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கு. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

#10 புளிக்காய்ச்சல்

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதுதான் சரி. போன இடத்தில் 30 பேருக்கு ஒரே நேரத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு மணி நேரம் போய்விடும்.

30 பேருக்குப் புளிசாதம்: அரிசி மூன்றரை கிலோ (ஆளுக்கு 115 கிராம் வாக்கில்), புளி 400 கிராம், நல்லெண்ணெய் 600 மில்லி, வேர்க்கடலை 350 கிராம். எண்ணெயைக் குறைக்காதீர்கள். ருசிக்கு மட்டுமில்லை, பருக்கை உலராமல் இருப்பதற்கும்தான். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை வற்ற விடுங்கள். தண்ணீர் மிச்சம் இருந்தால் மதியத்துக்குள் வாடை வரும்.

சாதம் அதிகாலை 3 மணிக்கு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறின பிறகு கிளறுங்கள். நேரமாகிவிட்டது என்று சூடாகவே பொட்டலம் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உள்ளே வியர்த்து, வண்டியின் சூட்டில் எட்டு மணி நேரத்தில் நொதித்துவிடும். வாழை இலையை அனலில் வாட்டி, அதில் கட்டி, மேலே செய்தித்தாள், நூல். இலையை மாட்டுக்குப் போடலாம். ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக்கும் மலையில் வேண்டாம்.

தயிர்சாதம் வேண்டும் என்பவர்களுக்கு: குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறின பால், ஒரு கிலோ அரிசிக்கு இரண்டரை லிட்டர், தயிர் ஒரு சின்னக் கிண்ணம் மட்டும். மதியம் 12 மணிக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். காலையிலேயே முழுத் தயிர் ஊற்றினால் புளிப்பில் வாய் கூசும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அன்று மட்டும் காலையில் புளிசாதம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து இஞ்சி மரப்பா கொடுங்கள். வாந்தி மாத்திரை தூக்கம் வரவைக்கும், அடுத்து ஆயிரம் படி இருக்கிறது.

#11 அஸ்தம்பட்டி அக்கா

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் முழுதாக. பாதிப் பொட்டலத்தைச் சின்னப் பாட்டிலில் கண்ணளவாகப் போடுவது வேண்டாம். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் யார், மூச்சிழுப்பு மருந்து யார் பையில் எந்த அறையில் என்பது பக்கத்தில் நடக்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

#12 படிக்கணக்கு

பணம். எல்லாவற்றையும் ஒரே தொகையாக வாங்காதீர்கள். இருக்கைப் பணம் தனி, சாப்பாட்டுப் பணம் தனி.

ஏன் என்றால், வண்டி வாடகையும் டிரைவர் பேட்டாவும் ஆள் குறைந்தால் குறையாது. 18 பேருக்கு 9,000 ரூபாய் வண்டி என்றால் தலைக்கு 500. சனிக்கிழமை இரவு நான்கு பேர் "வரல" என்றால் 14 பேருக்கு 643. அந்த 143 ரூபாய்க்காக யாரும் வாய் திறக்கமாட்டார்கள், மனசில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே இருக்கைப் பணம் திரும்பக் கிடையாது. காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவர் வந்தால் மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். சாப்பாட்டுப் பணத்தை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் சொன்னால் திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் அரிசி வாங்குவது சனிக்கிழமை. கணக்கைச் செவ்வாய்க்கிழமைக்குள் குழுவில் போட்டுவிடுங்கள், பில் படத்தோடு. மிச்சம் 86 ரூபாய் என்றாலும் 86 என்றே எழுதுங்கள். "சுமாராக நூறு" என்று எழுதிய அன்றிலிருந்து பேச்சு கிளம்பும்.

சொந்தக் காரில் போனால் பெட்ரோலும் சுங்கமும் காரில் இருக்கும் எல்லாருக்கும் சமமாக, ஓட்டுபவர் உட்பட. சில குழுவில் ஓட்டுபவருக்கு விலக்கு கொடுக்கிறார்கள். எது என்றாலும் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள்.

சங்கமாகப் பதிவது என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். முதல் வருடமே ஓடாதீர்கள். ஆறு மாதம் நடந்து, யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பதியலாம்.

#13 முள்ளுச்செடி

ஓட்டுபவரிடம் பெட்ரோல் காசு வாங்குவதா? விடிகாலை 4 மணிக்கு எழுந்து, எட்டு மணி நேரம் நடந்து, திரும்பவும் அவர்தான் தூங்காமல் ஓட்ட வேண்டும். டயர் தேய்மானம் வேறு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

#14 படிக்கணக்கு

அப்படியானால் விலக்குக் கொடுங்கள், சண்டையில்லை. ஆனால் களைத்த ஆள் ஓட்டுவது காசை விடப் பெரிய பிரச்சினை. 12 பேருக்கு மேல் என்றால் டிரைவரோடு வேன்தான். டிரைவர் மலை ஏறாமல் கீழே தூங்கட்டும்.

#15 கயிறுமுடிச்சு

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜனவரி ராமநகரம் பற்றி.

ஹார்டுவேர் நைலான் ஏன் கூடாது? தடிமன் மட்டும் பிரச்சினை இல்லை. பாறை ஏறும் கயிறு விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்க வேண்டும். அதற்கென்று உள்ளே முறுக்கிய இழை, வெளியே உறை என்று பின்னி, சோதித்து, முத்திரையோடு வருவது டைனமிக் கயிறு. கடைக் கயிற்றில் எந்த எடைக்கு எந்த விழுக்காடு நீளும் என்று யாரும் சோதித்ததில்லை. 14 எம்எம் பிலே கருவிக்குள்ளும் (ஏறுபவரின் கயிற்றைக் கீழே நிற்பவர் பிடித்து நிறுத்தும் கருவி) நுழையாது. 10 எம்எம் வாக்கில், 60 மீட்டர் டைனமிக் வாங்குங்கள். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆகவே பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள்.

புதியவர்களுக்கு மேல்கயிறு முறை மட்டும். கயிறு மேலே ஆங்கரில் (பாறையில் கயிற்றைப் பிணைக்கும் பிடிமானம்) மாட்டி இரண்டு முனையும் கீழே வரும், அதனால் 60 மீட்டர் கயிற்றுக்குப் பாறை 30க்கும் குறைவு. முடிச்சு, நீட்சி எல்லாம் போக 25 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். பிலே செய்பவர் பக்கத்துக் கயிற்று நுனியில் ஒரு முடிச்சு கட்டாயம். ஆளை இறக்கும்போது கயிறு தீர்ந்து நுனி கருவி வழியே நழுவி வெளியே போவதுதான் பழகியவர்களுக்கும் நடக்கும் விபத்து.

ஆங்கர் இரண்டு, ஒன்றையொன்று நம்பாமல் தனித்தனியாக. இரண்டுக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்குள். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும், இரண்டு வைத்ததற்கு அர்த்தமே இல்லை. இரண்டு ஆங்கரும் சேரும் மாஸ்டர் புள்ளியில் பூட்டும் காராபினர் (கொக்கி வளையம்) இரண்டு, வாய் எதிரெதிராக. ஆங்கர் பட்டை பாறை விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சணல் சாக்கை நாலாக மடித்து, அதையும் கட்டி வையுங்கள். கருங்கல் விளிம்பு ரம்பம் மாதிரி. சும்மா வைத்த சாக்கு மூன்றாவது ஆள் ஏறும்போது நகர்ந்திருக்கும்.

ஹார்னஸில் (ஏறுபவரின் இடுப்புப் பட்டை) எட்டு வடிவ முடிச்சு, திரும்பப் பின்தொடர்ந்து கட்டியது. எட்டில் இரண்டு இழையும் பக்கம் பக்கமாகப் படுத்திருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வால் ஒரு சாண். ஏறுபவர் பிலேகாரரின் காராபினர் பூட்டைத் தொட்டுப் பார்க்க, பிலேகாரர் ஏறுபவரின் முடிச்சைத் தொட்டுப் பார்க்க. கண்ணால் பார்த்தால் போதாது, பேச்சு கொடுத்துக்கொண்டே பார்த்தால் அரைமுடிச்சும் முழு முடிச்சாகத் தெரியும். பைக் ஹெல்மெட் வேண்டாம். கனம், மேலே பார்க்க முடியாது.

எத்தனை பேர்? இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒருவர் கட்டி, ஏறி, இறங்கி, அவிழ்க்க 20 நிமிடம். 30 பேருக்கு இரண்டு கயிறு என்றால் ஆளுக்கு ஒரு முறைக்கே ஐந்து மணி நேரம். ஜனவரியிலும் வெயில் படும் கருங்கல் 11 மணிக்குக் கை வைக்க முடியாது, ஷூ ரப்பர் இளகி வழுக்கும். காலையில் நிழலாக இருக்கும் மேற்குப் பார்த்த முகமாக எடுத்து, கயிற்றுக்கு எட்டுப் பேர், இரண்டு கயிறு, 16 பேரோடு நிறுத்துங்கள். மற்ற 14 பேருக்குப் பிப்ரவரி. காத்திருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது: ஒருவர் பிலே, அவர் பின்னால் கயிற்றைப் பிடிக்க ஒருவர், அடுத்து ஏறுபவர் ஹார்னஸோடு தயார். மீதி நான்கு பேர் கல் விழும் இடத்தை விட்டுத் தள்ளி.

சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்றவர் கயிற்றுக்கு ஒருவர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். யூடியூப் பார்த்தவர் கணக்கில் வரமாட்டார். ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம், 2012இல் அறிவித்தது; அந்தப் பாறையில் ஏறுவது இல்லை. ராமநகரத்தில் வேறு பாறை நிறைய, ஆனால் அனுமதி எது யாரிடம் என்பதைப் பெங்களூர்க் குழுக்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு வண்டிக்குக் கர்நாடகப் பர்மிட்டும் கணக்கில் சேர வேண்டும்.

#16 மணிக்கணக்கு வாத்தியார்

ஜனவரிக்கு முன் வியாழக்கிழமை மாலை இரண்டை முடிச்சுக்கு ஒதுக்குங்கள். மொட்டை மாடி போதும். எட்டு வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, யாராவது பேச்சுக் கொடுக்கும்போது கட்ட வராதவர் பாறைக்கு வர வேண்டாம். மழை மாதத்தில் மலை ரத்தானால் அந்த ஞாயிறும் இப்படிப் போகலாம்: வரைபடம் படிப்பது, விசில். ஆபத்து விசில் நிமிடத்துக்கு ஆறு, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. கேட்டவர் பதிலுக்கு மூன்று. பொழுதுபோக்குக்கு யாரும் விசில் ஊதக் கூடாது.

#17 கரட்டுப்பாதை

எல்லாருக்கும் நன்றி. திருத்தியது:

ஜூலை சங்ககிரி (20 பேர், ஆடி 18க்கு இரண்டு வாரம் முன்). ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கஞ்சமலை, அமாவாசை பார்த்து, சரக அலுவலகத்தில் கடிதம். செப்டம்பர் ஏற்காடு. அக்டோபர் கடைசி ஞாயிறு நைனாமலை. நவம்பர் மழை, முடிச்சும் வரைபடமும். டிசம்பர் கொல்லிமலை, 14 பேர், முட்டி வலிக்காரர்கள் கோயிலோடு. ஜனவரி ராமநகரம் 16, பிப்ரவரி முதல் வாரம் 14. மார்ச் மலை இல்லை. கடைசி ஆள்: எங்கள் மாரத்தான்காரர்களில் ஒருவர் சம்மதித்துவிட்டார்.

சங்ககிரிக்கு 20 பேர் என்றால் புளிசாதத்துக்கு அரிசி 2 கிலோ 300 போதும்தானே?

#18 புளிக்காய்ச்சல்

இரண்டரையாக வையுங்கள். டிரைவரைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள்.

#19 முள்ளுச்செடி

ஏற்காட்டுக்குச் செப்டம்பரில் என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதை, எந்தச் சரகம்? சேர்வராயன் கோயில் வரை ரோட்டோரமாக நடப்பதா, அடிவாரத்திலிருந்து காட்டு வழியா? ரோடு என்றால் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கூட்டம், வரிசையாக ஒரே ஓரம்தான் நடக்க வேண்டும். காட்டு வழி என்றால் காட்டுமாடு உண்டு, கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும் காளைக்கு நூறு மீட்டர் வழி விட வேண்டும். முடிவு செய்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.